வயசான மறதியும் உறைந்த புரதமும்



சோறு சாப்பிட்ட தட்டு இன்னும் காயவில்லை. அதற்குள் பாட்டி பக்கத்து வீட்டுக்குப் போய், "எனக்கு இன்னும் யாரும் சோறு போடலே" என்கிறார். மருமகள் வெட்கத்தில் தலைகுனிந்து நிற்கிறாள். பணத்தைத் தானே எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, பேரன் எடுத்துவிட்டான் என்கிறார். சாயங்காலம் ஆனால், எப்போதோ விட்டு வந்த பழைய லயத்துக்குப் போகணும் என்று புடவையை மூட்டை கட்டுகிறார்.

இப்படிப்பட்ட வீடுகளில் சிலர் "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டு போகிறார்கள். கையில் கயிறு பதிந்த தடத்தோடு ஒரு தாயாரை நான் பார்த்திருக்கிறேன். கட்டியவர் கெட்டவர் அல்ல. பல ராத்திரி தூங்காத மகன்.

பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் மூளையில் உண்மையாகவே ஒரு கோளாறு நடக்கிறது. அது என்ன என்பதை இன்று சொல்கிறேன்.

புரதம் என்றால் முட்டை, மீன், பருப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் தசை, தோல், இரத்தம், மூளை எல்லாம் பெரும்பாலும் புரதத்தால்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொரு புரதமும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்க வேண்டும். மடிப்புக் கெட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பால் வெட்டியவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மங்கில் விழும் பாலில் கித்தாத் துளிகள் தனித்தனியே மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் புரதம் கலந்த ஒரு மெல்லிய போர்வை இருப்பதால்தான் அவை ஒட்டுவதில்லை. ஆசிட் ஊற்றினால் அந்தக் காவல் போய், எல்லாம் உறைந்து கட்டியாகிறது. கட்டிப்பாலை மறுபடியும் மங்குப் பாலாக்க முடியுமா? முடியாது.

வயதாகும்போது உடம்பிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. கண்ணைப் பாருங்கள். கண் வில்லையின் நடுவில் உள்ள புரதம் நாம் பிறக்கும் முன்னே உண்டானது. அதை உடம்பு மாற்றுவதே இல்லை. எழுபது வயதில் அதற்கும் எழுபது வயது. அது திரண்டு மங்கிப்போனால் அதைத்தான் கண்புரை என்கிறோம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது. இரத்தத்தில் மிஞ்சிய சீனி, புரதத்தின் மேல் பிசினைப் போல ஒட்டிக்கொள்ளும். கிளினிக்கில் 'மூணு மாசச் சீனி' என்று இரத்தம் எடுக்கிறார்களே, அது இந்த ஒட்டலைத்தான் அளக்கிறது. சிவப்பு அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் சீனி ஒட்டிய கணக்கு அதில் எழுதியிருக்கும். முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து டிரசரை ஏமாற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

மூளைக்கு வருவோம். 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு அவுகுஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியைக் கொண்டு வந்தார்கள். கடும் மறதி, கணவர் மேல் சந்தேகம். 1906-ல் அவர் இறந்த பின், அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவர் மூளையை வெட்டிச் சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டான கட்டிகள், உள்ளே முறுக்கிய நூல் சிக்குகள். வெளிக்கட்டி அமிலாய்டு என்ற புரதம், உள்சிக்கு டௌ என்ற புரதம் என்பது 1980-களில்தான் தெளிவாயிற்று. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்பே இவை சேரத் தொடங்கிவிடுகின்றன. அமிலாய்டைக் குறைக்கும் ஊசிமருந்து ஒன்றை 2023-ல் அமெரிக்கா முழுமையாக அனுமதித்தது. அது நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவே. போன ஞாபகத்தைத் திருப்பித் தராது.

அப்படியானால் நம்மால் ஆவது ஒன்றுமில்லையா? உண்டு. 1986-ல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளிடையே ஓர் ஆய்வு தொடங்கினார். 75 வயதைத் தாண்டிய 678 பேர், தாங்கள் இறந்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். (நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்?) சிலருடைய மூளையில் கட்டியும் சிக்கும் நிறைய இருந்தன, ஆனாலும் கடைசிவரை நல்ல ஞாபகத்தோடு வாழ்ந்திருந்தார்கள். 1997-ல் வெளிவந்த முடிவுதான் நமக்கு முக்கியம். கட்டிகளோடு, இரத்தக்குழாய் அடைப்பினால் மூளையின் ஆழத்தில் சிறு காயங்களும் சேர்ந்திருந்தவர்களிடையே மறதி நோய் மிகவும் அதிகமாக இருந்தது.

புரதக் கட்டியை நாம் கரைக்க முடியாது. இரத்தக்குழாயைக் காப்பாற்ற முடியும். இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு, சிகரெட், சம்சு இவைதாம் குழாயைக் கெடுப்பவை. நாற்பது வயதில் "எனக்குத் தலை சுத்தல்லே, மருந்து எதுக்கு?" என்று கொதிப்பு மாத்திரையைத் தூக்கிப் போடுகிறீர்களே, அதற்கான வட்டியை எழுபதில் மூளை கட்டும். காது மந்தமானாலும் காட்டுங்கள். காது கேளாமையும் மறதிக்குத் துணை போகும் என்று கண்டிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். எல்லா மறதியும் இந்த நோயல்ல. நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், அது வேறு. சிறுநீரில் கிருமி, சீனி மாத்திரை போட்டுச் சாப்பிடாததால் சீனி இறங்குவது, விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுவது, பக்கவாதம் இவற்றில் ஏதாவது இருக்கலாம். ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். மெதுவாக வரும் மறதியிலும், தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு போன்ற, மருந்தால் சரியாகக்கூடிய காரணங்கள் உண்டு. அதனால்தான் "வயசு" என்று நீங்களே முடிவு கட்டக்கூடாது என்கிறேன்.

கிளினிக்குக்கு வரும்போது, பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எப்போதிலிருந்து மறதி, எந்த நேரத்தில் அதிகம் என்று கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும்; பெரும்பாலும் அது மருமகள்தான். அவரையும் உள்ளே கூட்டி வாருங்கள், வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.