உண்ணல் சொற்களில் மதிப்புநிலை: திருவண்ணாமலை வழக்கை முன்வைத்துத் தமிழ் – சப்பானிய ஒப்பீடு

முன்னுரை

உண்ணுதலைக் குறிக்கும் சொற்களில் உண்பவரின் தகுதியும் சொல்பவரின் பணிவும் பதிவாவது பல மொழிகளில் காணப்படும் இயல்பு. சப்பானிய மொழியில் இது வினைச்சொல்லிலேயே வெளிப்படுகிறது. தமிழிலும் இத்தகைய மதிப்புநிலை உண்டு. எனினும் அது அமையும் இடம் வேறு. கோயில், மடம், ஆசிரமம், வீடு ஆகியவை அருகருகே இயங்கும் திருவண்ணாமலையின் வழக்கைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

சப்பானிய வினைகள்

சப்பானியத்தில் 'தபெரு' என்பது பொதுவினை. பிறர் உண்பதை உயர்த்திக் கூற 'மெஷியகரு' என்றும், தாம் உண்பதைத் தாழ்த்திக் கூற 'இதாதகு' என்றும் வினையே மாறும். 'இதாதகு' என்பதற்குப் 'பெற்றுக்கொள்ளுதல்' என்னும் பொருளும் உண்டு. 'கூ' என்பது முரட்டு வழக்கு. பழஞ்சப்பானியத்தில் அதுவே இயல்பான சொல்லாக இருந்தது. 'தபெரு'வும் முன்பு பணிவுச் சொல்லாக இருந்து பொதுச்சொல்லானதே.

தமிழ் வினைகள்

அடிசில் என்பது உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன ஆகிய அனைத்தையும் அடக்குவதால், அதற்கு 'அயின்றார்', 'மிசைந்தார்' போன்ற பொதுவினையே வரவேண்டும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்க உரையாளர்கள் விளக்குவர். இப்பகுப்பு உணவின் தன்மையைச் சார்ந்தது. உண்பவரின் தகுதியைச் சார்ந்ததன்று. அப்பொதுவினையின் இடத்தை இன்று 'சாப்பிடு' ஏற்றுள்ளது. சோறு, காப்பி, மருந்து மூன்றுக்கும் அது பொருந்தும். மென்று உண்பதைக் குறித்த 'தின்', முறுக்குக்கு இன்றும் இயல்பாக வரினும், சோற்றுக்கு வரும்போது இழிவுக் குறிப்புப் பெறுகிறது. 'கூ' அடைந்த சரிவை இது ஒத்தது.

உயர்வு வழக்காக 'அமுது செய்' என்பது நிலைபெற்றுள்ளது. பெரியபுராணத்தில் அடியார்கள் 'அமுது செய்கின்றனர்'. எனினும் தாம் உண்டதை எவரும் 'அமுது செய்தேன்' எனக் கூறார். 'இதாதகு' போலத் தன்னைத் தாழ்த்துவதற்கெனத் தனி உண்ணல் வினையும் தமிழ்ப் பொதுவழக்கில் இல்லை. அப்பணிவைத் தமிழ் பெயர்ச்சொல்லால் நிறைவு செய்கிறது.

பெயர்ச்சொல்லில் மதிப்புநிலை

அண்ணாமலையார் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கப்படும் அன்னம் இறைவன் திருமுன் படைக்கப்படும்போது நைவேத்தியம். அடியவர் கைக்கு வரும்போது பிரசாதம். 2002இல் அறநிலையத் துறை தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பந்தியில் பரிமாறப்படுவது அன்னதானம். மலையைச் சார்ந்து வாழும் துறவி ஏற்பது பிட்சை. இரமணரின் அருணாசல அட்சரமணமாலை, பிட்சைக்குச் செல்லும் அடியவர் பாடுவதற்காகவே இயற்றப்பட்டது. பொருள் சோறேயாயினும், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதைப் பெயர் உணர்த்துகிறது. பணிவைக் குறிக்கும் 'பிட்சை'யும், இல்லறத்தார் துறவியை அழைக்கும்போது, 'பிட்சை ஏற்றருள வேண்டும்' என 'அருள்' என்னும் துணைவினையால் உயர்வு பெறுகிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது என்பவற்றோடு பாக்கு 'அடைக்காயமுது' எனப்படுகிறது. இங்கு 'அமுது' என்பது உணவு என்னும் பொருளினும் மதிப்புக் குறியாகவே நிற்கிறது. சப்பானியத்தில் சோற்றைக் குறிக்கும் 'கோஹான்' என்னும் சொல்லின் 'கோ' என்ற மதிப்பு முன்னொட்டோடு இது ஒப்பிடத்தக்கது. வைணவ வழக்கில் சாத்தமுது, கண்ணமுது என இம்மரபு இன்றும் தொடர்கிறது.

முடிவுரை

சப்பானியத்தில் மதிப்புநிலையை முதன்மையாக வினை தாங்குகிறது. தமிழில் வினையோடு உணவின் பெயரும் அதனைப் பகிர்ந்து தாங்குகிறது. ஆகவே கல்வெட்டுப் பதிப்பிலோ மொழிபெயர்ப்பிலோ திருவமுது, பிரசாதம், பிட்சை ஆகிய மூன்றையும் 'உணவு' என ஒன்றாக்கினால், இழக்கப்படுவது சொல்லழகு மட்டுமன்று. கொடை எவருக்கு, எந்நிலையில் வழங்கப்பட்டது என்னும் வரலாற்றுச் செய்தியும் இழக்கப்படும். அகராதிகளும் தமிழைப் பிறமொழியாகக் கற்பிக்கும் பாடநூல்களும் இச்சொற்களின் பொருளோடு, யார் யாருக்குக் கூறுவது என்னும் குறிப்பையும் தருதல் இன்றியமையாதது.