எதிரணிக்கு ஒரு கைதட்டல்!

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போய், எதிர் டீம்காரருக்கு யாராவது கைதட்டுவார்களா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தட்டினார்கள் சார்!

பேஸ்பால் புலி ஆல்பர்ட் பூஹோல்ஸ், 2001 முதல் 2011 வரை கார்டினல்ஸ் டீமில் ஆடியவர். இரண்டு முறை சாம்பியன் பட்டம்! அப்புறம், '10 வருஷத்துக்கு 24 கோடி டாலர்' என்று ஏஞ்சல்ஸ் டீம் கூப்பிட, கலிஃபோர்னியாவுக்கு மூட்டை கட்டிவிட்டார். "பணம்தானே பெரிசாப் போச்சு!" என்று பொருமியவர்கள் உண்டு.

இரண்டு டீமும் வேறு வேறு லீக். அவர் மறுபடி அந்த மைதானத்தில் ஆட 2019 ஜூன் 21 ஆகிவிட்டது. பெட்டியில் கிடந்த 5-ம் நம்பர் சிவப்புச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் ரசிகர்கள்.

மட்டையோடு வந்தார். அரங்கமே எழுந்து நின்று ஒரு நிமிஷத்துக்கு மேல் கைதட்டியது. கார்டினல்ஸ் கேட்ச்சர் மொலினா, பழைய தோழர், அவரைக் கட்டிக்கொண்டார். மறுநாள் பூஹோல்ஸ் அடித்த ஹோம் ரன், உள்ளூர் டீமுக்கு நஷ்டம்தான். அதற்கும் ஆரவாரம்! அவர் மறுபடி வெளியே வந்து தலைகாட்டும்வரை விடவில்லை.

2022-ல் கார்டினல்ஸுக்கே திரும்பி, மொத்தம் 703 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்றார்.

'குட்வில்' என்றொரு சொத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாது என்று பி.காமில் படித்தேன். மனுஷன் அதை மட்டும் ஊரிலேயே விட்டுப் போயிருக்கிறார். ஜனங்களும் பத்திரமாக வைத்திருந்து, வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்!