இத்தாலிய ஆட்டம்: கற்போருக்கான சதுரங்கத் திறப்பு

இத்தாலிய ஆட்டம் என்பது மிகப் பழைய சதுரங்கத் திறப்புகளுள் ஒன்றாகும். 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆட்டக்காரர் ஜொவாக்கினோ கிரேக்கோ எழுதிவைத்த ஆட்டங்களில் இது இடம்பெற்றுள்ளது. வியூகத்தையும் உத்தியையும் சேர்த்துக் கற்பிப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. வியூகம் என்பது நீண்ட திட்டம். உத்தி என்பது சில நகர்வுகளிலேயே பலன் தரும் தாக்குதல்.

நகர்வுகள்

வெள்ளை தன் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இ4 கட்டத்துக்கு நகர்த்த, கறுப்பு இ5 என்று விடையளிக்கும். வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து அக்காலாளைத் தாக்கும். கறுப்புக் குதிரை சி6க்கு வந்து அதைக் காக்கும். மூன்றாவதாக வெள்ளை அமைச்சர் சி4க்கு வந்து எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கும். அக்கட்டத்தைத் தொடக்கத்தில் கறுப்பு அரசன் மட்டுமே காக்கிறது.

வியூகம்

அமைதியான வழியில் வெள்ளை டி3 ஆடி, கோட்டை கட்டி, சி3 காலாளின் துணையுடன் பின்னர் டி4 நகர்வுக்கு ஆயத்தமாகும். நடுப்பலகையைக் கைப்பற்றுவதே திட்டம். இன்றைய கிராண்ட்மாஸ்டர்களும் இம்முறையை ஆடுகின்றனர்.

உத்தி

கறுப்பு மூன்றாம் நகர்வில் இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொணர்ந்தால், அது இரு குதிரைத் தடுப்பாட்டம். இப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாயலாம். கறுப்பு கவனிக்காவிட்டால் அக்குதிரை எஃப்7ஐப் பிடித்து, அரசியையும் கோட்டையையும் ஒருசேரத் தாக்கும். இதுவே கவை எனப்படும். அமைச்சரின் காவல் இருப்பதால் அரசனால் அக்குதிரையை வெட்ட இயலாது.

கறுப்பின் சரியான விடை டி5. அது அமைச்சரின் பாதையை மறிக்கிறது. வெள்ளைக் காலாள் அதை வெட்டியதும், குதிரையால் திருப்பி வெட்டவே புதியவரின் கை போகும். அப்போது வெள்ளை எஃப்7இல் குதிரையைப் பலியிட்டு, கறுப்பு அரசனை வெளியே இழுத்து, அரசியால் எஃப்3இலிருந்து முற்றுகையிடும். அந்த அரசி டி5 குதிரையையும் தாக்குவதால், அதைக் காக்க அரசனே இ6க்கு வர நேரும்.

எனவே சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தி அமைச்சரைத் தாக்குவதே வழக்கம். கறுப்பு ஒரு காலாளை இழக்கிறது. ஆனால் எதிரியின் காய்களை விரட்டியபடியே தன் காய்களை விரைவாக வெளிக்கொணர்கிறது. இழந்த காலாளுக்கு ஈடாகக் காலம் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தத் திட்டம் இல்லாதவருக்கு அது வெறும் இழப்பே.

திறப்பைத் தேர்ந்தெடுத்தல்

சிசிலியன் தடுப்பாட்டம் போன்றவற்றில் கிளைகள் மிகுதி. இருபது நகர்வுகளை மனப்பாடம் செய்தவரும், எதிராளி ஐந்தாம் நகர்விலேயே வழி மாறினால் திகைப்பார். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லக்கூடிய திறப்பே கற்போருக்கு உகந்தது. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு போதும்.

ஆட்டம் முடிந்ததும், காரணம் சொல்ல இயலாத முதல் நகர்வைக் கண்டறிந்து, அதை மட்டும் ஆராய்வது நல்ல பயிற்சி. ஆடும்போது, எதிராளி அடுத்து எந்த முற்றுகை தரலாம், எந்தக் காயை வெட்டலாம் என்று பார்த்த பிறகே தன் திட்டத்தைத் தொடர வேண்டும். நல்ல வியூகமும் கவனியாத ஒரு கவையால் குலையும்.