நிழற்கொல்லைக்கு ஏற்ற செடிகள்



“எங்கள் வீட்டுக் கொல்லையில் வெயிலே விழுவதில்லை, அங்கே என்ன செடி வைப்பது?” என்று நகரத்துப் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு என் வீட்டுக் கொல்லையின் கதையையே விடையாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் நான் குடிபுகுந்த வீட்டின் பின்புறம் பத்தடி நீளமும் எட்டடி அகலமுமான துண்டு நிலம் ஒன்று உண்டு. தெற்கே இரண்டாள் உயரத்தைக் கடந்த சுவர், கிழக்கே அடுத்த வீட்டு மாடி, மூலையில் கிணறு. மண்ணின் ஈரம் எந்நாளும் உலராது. முழங்கால் நோவினால் மாடிப்படி ஏற இயலாத என் மனைவி, பின்வாசலில் அமர்ந்து காணத்தக்க இடம் அது ஒன்றே. அவர் விரும்பியவை ரோஜாவும் மல்லிகையும். மல்லிகை கொடியாய் நீண்டதேயன்றி மொட்டு வைக்கவில்லை. ரோஜாச் செடிகள் நான்கும் இலை பழுத்து உதிர்ந்து, மூன்று மாதத்துள் பட்டுப்போயின. செடி விற்றவரை நொந்துகொண்டேன்.

பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. வேரும் மூச்சுவிடுகிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான்! மண்துகள்களின் இடையே காற்று உலவ வேண்டும். அவ்விடத்தை நீர் அடைத்துக்கொண்டால் பிராணவாயு வேரை எட்டுவது அரிது. காற்றில் அது பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே நீரில் பரவும் வேகம். ஓரடி ஆழத்திற்குக் குழி தோண்டி நீர் நிரப்பினேன். மறுநாள் காலையிலும் பாதி நீர் நின்றது. செடி வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

நிழலும் ஆண்டு முழுதும் ஒருபடித்தாய் இராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் சுவரின் நிழல் நண்பகலிலும் கொல்லை முழுதும் கவிகிறது. சித்திரையிலோ சூரியன் உச்சிக்கு வருகிறது. சிறிது நேரமே எனினும், நேராக இறங்கும் அவ்வெயில் மெல்லிய இலைகளைப் பொசுக்கிவிடும். ஆதலின் ஒருநாள் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

இனி, யாரும் நடாமலே கிணற்றடியில் தழைத்திருந்தவற்றைக் கவனித்தேன். வல்லாரை தரையில் படர்ந்திருந்தது. சேம்பு அகன்ற இலையை விரித்து நின்றது. குறைந்த ஒளியை ஏந்திக்கொள்ள அகன்ற இலை வேண்டுமன்றோ? சுவரிடுக்கில் பெரணி. அதற்குப் பூவுமில்லை, விதையுமில்லை. அதன் ஆண் அணு நீரில் நீந்திச் சென்றே பெண் அணுவைச் சேர வேண்டும். ஈரமின்றி அதன் குலம் பெருகாது. ரோஜாவைக் கொன்ற ஈரமே பெரணிக்கு உயிர்.

வெற்றிலையை நினைவூட்டியவை சோழவந்தான், கும்பகோணம் வட்டாரத்துக் கொடிக்கால்கள். அங்கே அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றுவார்கள். நாம் குறையென்று வருந்தும் நிழலை உழவர் விதைத்து உண்டாக்குகிறார்! ஆயினும் நீர் தேங்கினால் வெற்றிலையும் அழுகும். அதற்காகவே மேட்டுப்பாத்தி அமைக்கிறார்கள். நானும் செங்கல் துண்டுகளைப் பரப்பி, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணை முக்காலடி உயர்த்திக் கொடியை நட்டேன். அதன் ஓரத்தில் மஞ்சளும் இஞ்சியும் ஓரளவு நிழலைப் பொறுத்து வளர்கின்றன.

ஓர் எச்சரிக்கை. சேம்பின் பச்சை இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. வாயில் பட்டால் அரிக்கும். அதன் இனத்து அழகுச்செடிகள் பலவும் அத்தகையனவே. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அவற்றை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிக் கவிழ்க்கத் தவறினால், செடிக்கு முன் கொசு வளர்ந்துவிடும்.

இன்று வெற்றிலைக் கொடி சுவரில் பாதி உயரம் ஏறியிருக்கிறது. வல்லாரையைத் துவையலுக்கு என் மனைவி இருந்த இடத்திலிருந்தே கிள்ளிக்கொள்கிறார். ரோஜா ஒன்றை மட்டும் மாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். பூக்கின்ற அன்று பறித்து வந்து அவரிடம் கொடுக்கிறேன்.