கால்கள் அடங்கிய இரவு

இரவு பதினொரு மணி. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு. எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் மறுபடியும். நிறைமாதக் கர்ப்பிணிகள் பலர் அறிந்த வேதனை இது.

பிரசவம் முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ, பெரும்பாலும் அது சொல்லாமல் விலகிவிடுகிறது. குழந்தை அழுது எழுப்பும் இரவில்கூட, கால்கள் சும்மா கிடப்பதே பெரிய நிம்மதி!

ஓய்வற்ற கால் நோய் எனப்படும் இந்த வேதனையை 1672-லேயே ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதிவைத்தார். 1945-இல் ஸ்வீடனின் கார்ல் ஆக்செல் எக்பாம் விரிவாக ஆராய்ந்தார். மூளையில் இரும்புச்சத்து குறைவதும் டோபமைன் தடுமாறுவதும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. டயாலிசிஸில் இருப்பவர்களையும் இது வாட்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின் பலருக்குக் குறைகிறது.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். அந்த ரத்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள்.