இடது கால் வீங்கினால்



இடது கால் மட்டும் வீங்கி நோகுமாயின், எண்ணெய் பூசி உருவிவிடுதல் நம் வீடுகளில் வழக்கம். அது ஆபத்தாய் முடியலாம்.

அடிவயிற்றில், வலது காலுக்குச் செல்லும் நாடி, இடது காலிலிருந்து மீளும் நாளத்தின்மேற் குறுக்கிடுகின்றது. சிலரிடத்து அந்நாடி நாளத்தை முதுகெலும்போடு நெருக்கிவிடும். 1957இல் மே, தேர்னர் என்னும் அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து விளக்கினர்.

நெருக்குண்ட நாளத்திற் குருதி தேங்கி உறையலாம். அப்போது கால் வீங்கும், கனக்கும், நிறம் மாறும். உருவும்போது உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே இடராகும்.

வைத்தியர் ஸ்கான் பரிசோதனையால் நோயை அறிவர். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து தருவர். வேண்டுமாயின் நாளத்தினுள் வலைக்குழாய் இட்டு வழியை விரிப்பர்.

ஆதலின், ஒரு கால் திடீரென வீங்கினால் உருவாதீர்கள். அன்றே வைத்தியசாலையை நாடுங்கள். மூச்சுத் திணறினால் கணமும் தாமதியாதீர்கள்.