தூண்டில் கோலின் வளையத்துக்கு அளவு பார்ப்பது எப்படி?

ஸ்பின்னிங் ரீலில் சுருள் அசையாமல் நிற்க, நரம்பு அதிலிருந்து வளைவளைவாகக் கழன்று ஓடும். அந்த வளைவுகளைக் கோலில் உள்ள வளையங்கள் படிப்படியாக ஒடுக்கி நேராக்குகின்றன. ரீலுக்கு அருகில் பெரியதும் நுனி நோக்கிச் சிறியதுமாக அவை அமைவது இதனால்தான். உடைந்த வளையத்துக்குப் பதிலாகச் சிறியதை வைத்தால் உராய்வு கூடி வீச்சுத் தூரம் குறையும். நுனிப்பக்கம் பெரியதை வைத்தால் கூடுதல் எடையால் கோல் மந்தமாக நிமிரும்.

வளையங்கள் தயாரிக்கும் பியூஜி நிறுவனத்தின் அளவு எண்கள் பீங்கான் வளையத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. 10 எண் வளையத்தில் நரம்பு ஓடும் துளை 10 மி.மீ.க்கும் குறைவே. எல்லா நிறுவனங்களும் இப்படி அளப்பதில்லை. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் காலிப்பரால் அளப்பதே நல்லது. வளையமே தொலைந்திருந்தால், முன்னும் பின்னும் உள்ள இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு பெரும்பாலும் பொருந்தும்.

நுனி வளையத்துக்கு இரண்டு அளவுகள் வேண்டும்: வளையம் ஒன்று, கோலில் செருகும் குழாய் மற்றொன்று. அமெரிக்க வழக்கில் குழாய் எண் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கைக் குறிக்கும். 5 எண் என்றால் ஏறத்தாழ 2 மி.மீ. பழைய பசையை நீக்கிய பிறகே கோலை அளக்க வேண்டும். நுனி முறிந்த கோலில் புதிய முனை முன்னதைவிடப் பருமனாக இருக்கும். பழைய எண் அதற்குச் சேராது. குழாய் அழுத்தாமலே நுழைய வேண்டும். சிறு இடைவெளியைச் சூட்டுப்பசை நிரப்பிவிடும். இறுக்கித் திணித்தால் கார்பன் கோல் பிளந்துபோகும்.

மற்ற வளையங்களையும் ஒருமுறை பார்ப்பது அவசியம். பஞ்சைத் துளைக்குள் இழுக்கும்போது அதன் இழை சிக்கினால், அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. நரம்பை அறுப்பது அதுதான்.